புது போர்டு, பழைய ஒயர்

பழைய வீட்டை வாங்கியவர்களும் சரி, அதே வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களும் சரி, கரண்ட் விஷயத்தில் முதலில் கை வைப்பது மெயின் போர்டில்தான். கண்ணுக்குத் தெரிவது அதுதானே. பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டி, உள்ளே எம்சிபிக்களை, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனை அணைக்கிற சுவிட்சுகளை, வரிசையாக நிறுத்திவிட்டால் வீடு இந்தக் காலத்துக்கு வந்துவிட்டதாக ஒரு நிம்மதி. சுவர் உடைபடாது, தூசி கிடையாது, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். எங்கள் பழைய வீட்டுக்கு ஒயரிங் மாற்றியபோது முழு வேலைக்கும் கூடவே நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நிம்மதியில் முக்கால்வாசி பொய். பெட்டிதான் புதுசு. அதிலிருந்து கிளம்பிச் சுவருக்குள் போகிற ஒயர் அதே பழசு.

எம்சிபி எதைக் காப்பாற்றுகிறது என்று கேட்டால் பலரும் ஃபிரிட்ஜையும் டிவியையும் சொல்வார்கள். உண்மையில் அது காப்பாற்றுவது சுவருக்குள் இருக்கிற ஒயரை. 16 ஆம்பியர் எம்சிபி என்றால், தனக்குப் பின்னால் போகும் ஒயர் 16 ஆம்பியரைச் சிரமமில்லாமல் தாங்கும் என்ற நம்பிக்கையில் அங்கே உட்கார்ந்திருக்கிறது. 16ஐத் தாண்டிய நொடியே விழுந்துவிடும் என்று நினைப்பதும் தப்பு. வீட்டு எம்சிபிக்கான சர்வதேசத் தர விதிப்படி 1.13 மடங்கு, அதாவது 18 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரம் வரை அது விழவே கூடாது, 1.45 மடங்கு, சுமார் 23 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். அந்த ஒரு மணி நேரச் சூட்டையும் வாங்கிக்கொள்வது ஒயர்தான். பழைய ஃபியூஸ் கட்டை இதைவிடச் சோம்பேறி, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு போனால்தான் அதில் கம்பி உருகும். அதுவும் சரியான கம்பி போட்டிருந்தால்! யாரோ ஒரு அவசரத்தில் ஒயரிலிருந்து உருவிய செம்பு இழைகளை நாலாக முறுக்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், அந்தக் கட்டை எந்தக் காலத்திலும் உருகாது.

இப்போது நடக்கிற கதையைப் பாருங்கள். லைட்டுக்கும் ஃபேனுக்கும் என்று இழுத்த 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், அது போகிற பாதையைப் பொறுத்து 14இலிருந்து 17 ஆம்பியர் வரைதான் தாங்கும். அந்த லைனில் யாரோ ஒரு பிளக் பாயிண்ட் சேர்த்திருப்பார்கள், அதில் ஹீட்டர், பக்கத்து அறையில் அயர்ன் பாக்ஸ். புது எம்சிபி அடிக்கடி விழும். அதன் வேலையே அதுதான். ஆனால் வீட்டுக்காரர் போன் போட்டு "நீங்க மாட்டின எம்சிபி சரியில்லைங்க, தினமும் விழுது" என்பார். வந்தவர் 10 ஆம்பியர் எம்சிபியை எடுத்துவிட்டு 32 போடுவார். அப்புறம் விழாது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அதற்குப் பிறகு சுவருக்குள் சூடேறுவதைச் சொல்ல ஆள் இல்லை. எம்சிபியின் அளவு ஒயரைப் பார்த்து முடிவாக வேண்டும், மாட்டுகிற மெஷினைப் பார்த்து அல்ல. மெஷினுக்கு அதிக ஆம்பியர் வேண்டும் என்றால் அதற்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும், வேறு வழியே கிடையாது.

சரி, எம்சிபி சரியான அளவில் இருக்கிறது, லோடும் அதிகமில்லை. அப்போதும் பழைய வீட்டில் ஒரு இடம் சூடாகும், அது இணைப்பு. ஸ்க்ரூ தளர்ந்த ஒரு பிளக் பாயிண்ட், அல்லது இரண்டு ஒயரைக் கையால் முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட். அங்கே வெறும் 0.1 ஓம் தடை கூடியிருக்கிறது என்று வையுங்கள். அதன் வழியாக 15 ஆம்பியர் ஓடினால், கரண்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க, 22.5 வாட். சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். விரல் நகம் அளவு இடத்தில், ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள், சுவருக்குள் ஒரு சால்டரிங் அயர்னை ஆன் செய்து வைத்த மாதிரி. இதில் வோல்டேஜ் குறைவது ஒன்றரை வோல்ட்தான், ஹீட்டர் வழக்கம்போலச் சூடாகும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எம்சிபிக்கும் தெரியாது, ஏனென்றால் 15 ஆம்பியர் அதற்குத் தப்பான கணக்கே இல்லை. கரண்ட் கசிந்தால் அணைக்கிற ஆர்சிசிபிக்கும் தெரியாது, இங்கே கரண்ட் எங்கும் கசியவில்லை. பல ஆயிரம் செலவழித்து மாட்டிய பெட்டி மொத்தமும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்.

அதனால் பழைய வீட்டில் எனக்கு ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், போர்டை விட்டுவிட்டு எல்லா சுவிட்ச் பெட்டியையும் பிளக் பெட்டியையும் திறந்து பார்க்கச் சொல்வேன். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து உறுதி செய்துகொண்டு திறக்க வேண்டும். வெள்ளை பிளேட்டின் ஒரு மூலை மட்டும் லேசாகப் பழுப்பேறியிருக்கும், அதுதான் முதல் தடயம். பிளேட்டைக் கழற்றினால் ஒரு துளையின் ஓரம் மட்டும் இளகி உருமாறியிருக்கும், அதற்குப் பின்னால் ஒயரின் மேலுறை ஸ்க்ரூவிலிருந்து அரை விரல் நீளத்துக்குக் கறுத்து, வளைத்தால் சுருங்காமல் பொடியாக உதிரும், செம்பு தன் நிறம் போய்க் கருஞ்சிவப்பாக நிற்கும். ஸ்க்ரூவைத் திருப்பினால் விரல் நுனியிலேயே கால் சுற்று போகும். சில வீடுகளில் திறக்கவே வேண்டாம், சூடான பிளாஸ்டிக் ஒருவித மீன் வாடை அடிக்கும். சமையலறையில் மீனே இல்லாத நாளில் அந்த வாடை வந்தால் உடனே மெயினை இறக்குங்கள்.

ஒயர் எந்தக் காலத்தது என்பதைப் பொறுத்து நோயும் மாறும். 1950களுக்கு முந்தைய வீடுகளில் ரப்பர் உறை போட்டு மேலே பருத்தி நூல் பின்னிய ஒயர் இருக்கும், சில இடங்களில் பீங்கான் குமிழ்களில் கட்டி இழுத்திருப்பார்கள், சில இடங்களில் மரச்சட்டத்தின் மேல் ஓட்டியிருப்பார்கள். ரப்பர் வருஷம் ஆக ஆகக் காய்ந்துபோகும். யாரும் தொடாதவரை அப்படியே நிற்கும், தொட்டால் கையோடு வரும். இந்த மாதிரி ஒயரை வெட்டிப் பார்த்துவிட்டு "இது அலுமினியம்" என்று சொல்கிறவர்கள் உண்டு, வெள்ளி மாதிரி இருக்கும். கத்தியால் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே சிவப்பாக இருந்தால் அது வெள்ளீயம் பூசிய செம்பு. ரப்பரில் இருக்கும் கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால் அந்தக் காலத்தில் வெள்ளீயம் பூசினார்கள்.

சுரண்டியும் வெள்ளையாகவே இருந்தால் நிஜமான அலுமினியம். செம்பு விலை ஏறிய காலங்களில் பல நாடுகளில் வீட்டுக்குள் அலுமினியம் இழுத்தார்கள், அமெரிக்காவில் 1965இலிருந்து 1970களின் தொடக்கம் வரை கட்டிய வீடுகள் இதற்குப் பேர் போனவை. அலுமினியம் கரண்ட் கடத்தாத உலோகம் ஒன்றும் இல்லை, தெருவில் போகிற பெரிய லைன் எல்லாம் அதுதான். பிரச்சினை முனையில். காற்று பட்டதும் அதன் மேல் ஒரு ஆக்சைடு படலம் வரும், அது கரண்டைக் கடத்தாது. சூட்டில் செம்பைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விரியும், ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும். இப்படி விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கி ஸ்க்ரூ தானாகவே தளர்ந்துபோகும், மேலே சொன்ன சால்டரிங் அயர்ன் கதை அங்கே ஆரம்பிக்கும். அலுமினியத்தையும் செம்பையும் நேராக முறுக்கி டேப் போடுவது இதில் மிக மோசமான வேலை. முழுக்க மாற்ற முடியாவிட்டால், இரண்டு உலோகத்துக்கும் என்றே செய்த இணைப்பான்களை ஒவ்வொரு முனையிலும் போட வேண்டும். அதற்கும் ஒரு முனை விடாமல் எல்லாப் பெட்டியையும் திறந்தாக வேண்டும்.

ரப்பருக்கு அடுத்த தலைமுறை பிவிசி பிளாஸ்டிக் உறை. இதை நல்ல ஒயர் என்றே சொல்லலாம், 70 டிகிரி வரை தாங்கும். சுவருக்குள் போன பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், கெட்டுப்போவது லைட் ஹோல்டரில் முடிகிற கடைசிச் சாண். குண்டு பல்பு வருஷக்கணக்கில் கீழே எரிந்து அதை அவித்திருக்கும். எல்இடி வந்துவிட்டதால் இப்போது சூடு இல்லை, ஆனால் வெந்த ஒயர் வெந்ததுதான்.

நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். பிரிட்டனின் பழைய வீட்டில் கறுப்பு என்றால் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற ஒயர்; அமெரிக்காவில் கறுப்பு என்றால் ஷாக் அடிக்கிற லைன். ஒரே நாட்டிலும் காலத்துக்குக் காலம் நிறம் மாறியிருக்கிறது; பிரிட்டனில் 2004இல்தான் சிவப்பு, கறுப்பு போய்ப் பழுப்பு, நீலம் வந்தது. ஒரே வீட்டில் இரண்டு காலத்து நிறமும் சேர்ந்து ஓடும். போதாக்குறைக்கு, கையில் இருந்த சுருளில் எது மீந்ததோ அதை இழுத்துவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். சில பழைய வீடுகளில் சுவிட்சை லைனில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பார்கள். அங்கே சுவிட்சை அணைத்தாலும் பல்பு ஹோல்டரில் கரண்ட் இருக்கும். எல்இடி பல்பு அணைத்த பிறகும் மங்கலாக மினுமினுத்தால் இரண்டு காரணங்களில் ஒன்று: பக்கத்தில் ஓடும் ஒயரிலிருந்து சிறு கரண்ட் தாவுகிறது, அது பெரிதாக ஒன்றும் செய்யாது, இல்லையென்றால் நியூட்ரல் சுவிட்ச், அதைச் சரி செய்தே ஆக வேண்டும்.

நியூட்ரலில் இன்னொரு அறிகுறி. மோட்டாரோ ஹீட்டரோ ஓடும்போது லைட் மங்கினால் லோடு என்று விட்டுவிடலாம். சில லைட் மங்கி, வேறு சில லைட் பளிச்சென்று கூடினால், வீட்டுக்கு வருகிற நியூட்ரல் எங்கோ தளர்ந்திருக்கிறது. மூன்று ஃபேஸ் போல ஒன்றுக்கு மேற்பட்ட லைன் வருகிற வீட்டில் நியூட்ரல் முழுதாக அறுந்தால் வோல்டேஜ் தன் இஷ்டத்துக்குப் பிரிந்து போகும், ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் ஏறி, இருக்கிற எலெக்ட்ரானிக் சாமான் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடித்துவிடும். இதற்குப் புது போர்டு உதவாது, மின்வாரியத்தை அன்றைக்கே கூப்பிட வேண்டும்.

எர்த் விஷயத்துக்கு வருகிறேன். பழைய வீட்டில் இரண்டு துளை பாயிண்ட்தான் இருக்கும், எர்த் ஒயரே போயிருக்காது. மூன்று துளை பாயிண்ட் வாங்கி மாட்டிவிட்டால் மூன்று முள் பிளக் உள்ளே போகும், அவ்வளவுதான், எர்த் வந்துவிடாது. இதைவிடப் பயங்கரம், எர்த் துளையையும் நியூட்ரலையும் ஒரு சிறு ஒயரால் உள்ளேயே இணைத்துவிடுவது. பாயிண்டைச் சோதிக்கிற செக்கர் வைத்தால் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டும். பின்னாலிருந்து வரும் நியூட்ரல் ஒருநாள் விட்டுப்போனால் வாஷிங் மெஷினின் முழு உடம்பும் லைன் ஆகிவிடும். தெரியாமல் செய்தது என்று இதை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை, செக்கரை ஏமாற்றத்தான் அந்த ஒயர்.

எர்த் இழுக்கவே முடியாத இடத்தில் ஆர்சிசிபி ஓரளவு காப்பாற்றும். அது பார்ப்பது ஒன்றை மட்டும்தான்: லைனில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று. பல நாடுகளில் வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் கணக்கு, அவ்வளவு கசிந்தால் 0.3 நொடிக்குள் அணைத்தாக வேண்டும். அமெரிக்காவில் இன்னும் கெடுபிடி, 4 முதல் 6 மில்லி ஆம்பியர். அதற்கு வழிவகுத்த சார்ல்ஸ் டால்ஸியல் அங்கே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், பிடித்த கையை விட முடியாமல் போகிற கரண்ட் எவ்வளவு என்பதைத் தன்னார்வலர்களை வைத்தே அளந்தவர். சராசரியாக ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று வந்தது. 16 ஆம்பியர் எம்சிபி ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இந்த இரண்டு 16ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

ஆனால் பழைய வீட்டில் ஆர்சிசிபி மாட்டிய அன்றைக்கே சண்டை ஆரம்பித்துவிடும். மாட்டுவார்கள், விழும். தூக்கிவிடுவார்கள், மாடிப்படி லைட்டைப் போட்டதும் விழும். காரணம் பெரும்பாலும் இரவல் நியூட்ரல். மாடிப்படி லைட்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். லைனைக் கீழ்த்தளத்திலிருந்து எடுத்துவிட்டு, ஒயரை மிச்சப்படுத்த நியூட்ரலை மேல்தளத்திலிருந்து எடுத்திருப்பார்கள். ஃபியூஸ் கட்டை இருந்தவரை யாரும் கேட்கவில்லை. இப்போது ஒரு ஆர்சிசிபி வழியாகப் போகிற கரண்ட் இன்னொன்றின் வழியாகத் திரும்புகிறது, கணக்கு இடிக்கிறது, இரண்டும் விழுகின்றன. அல்லது எங்கோ ஒரு பெட்டியில் நியூட்ரலும் எர்த்தும் ஒட்டிக்கொண்டிருக்கும். அல்லது ஹீட்டரின் காயிலில் ஈரம் ஏறியிருக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். எல்லா பிளக்கையும் உருவிவிட்டு ஒவ்வொரு லைனாக ஏற்றி, எந்த லைனில் விழுகிறது என்று பிடித்து, அந்த லைனின் நியூட்ரலைத் தனியாகக் கழற்றி அளக்க வேண்டும். எங்கள் வீட்டில் வேலை செய்தவர் இதை ஒரு முழு நாள் செய்தார், ஒரு சுவரைக்கூட உடைக்கவில்லை, வெளியிலிருந்து பார்த்தால் அன்று அவர் எதுவுமே செய்யாத மாதிரி இருந்தது. அந்த ஒரு நாள் கூலியைக் கொடுக்க மனசில்லாதவர்கள்தான் "இந்த வீட்டுக்கு ஆர்சிசிபி ஒத்துவராது" என்று அதை பைபாஸ் செய்யச் சொல்வது. வீட்டுக்கு அது ஒத்துவராமல் இல்லை, வீட்டில் இருக்கிற கோளாறை அது படித்துக் காட்டுகிறது.

ஆக, வேலையைத் தொடங்க வேண்டியது ஒரு பேப்பரில். ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றி எந்த லைட், எந்த பாயிண்ட் செத்தது என்று எழுதிக்கொண்டே போனால் வீட்டின் வரைபடம் வந்துவிடும், அதிலேயே பாதி அதிர்ச்சி கிடைக்கும். அப்புறம் மெக்கர். எலெக்ட்ரானிக் சாமான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் டிசி கொடுத்து இன்சுலேஷனை அளப்பது. குறைந்தது 1 மெகா ஓம் வேண்டும் என்பது விதி, நல்ல ஒயர் அதைப் போல பல மடங்கு காட்டும். 1க்குக் கீழே வந்த லைனை மாற்றியாக வேண்டும், 2, 3 என்று தள்ளாடுகிற லைனை அடுத்த வரிசையில் வைக்கலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றப் பணம் இல்லாதவர்களுக்கு இந்த எண்கள்தான் வழிகாட்டி. மெக்கர் இல்லாமல் வருகிற எலெக்ட்ரீஷியன் கண்ணால் பார்த்து "எல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு" என்று சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

சுவருக்குள் குழாய் இருந்தால் அதிர்ஷ்டம், பழைய ஒயரின் வாலில் புது ஒயரைக் கட்டி ஒருவர் இழுக்க ஒருவர் தள்ள, வந்துவிடும். குழாய் துருப்பிடித்து அடைத்திருந்தாலோ ஒயரைச் சுவரிலேயே வைத்துப் பூசியிருந்தாலோ காடி வெட்டத்தான் வேண்டும். நேர் மேலாகவோ நேர் குறுக்காகவோ வெட்டச் சொல்லுங்கள். ஒயர் மிச்சம் என்று சாய்வாக வெட்டினால், பிற்காலத்தில் படம் மாட்ட ஆணி அடிக்கிறவருக்கு அது எங்கே போகிறது என்று ஊகிக்கவே முடியாது. பூசுவதற்கு முன் அளவு டேப்பை சுவரில் நீட்டிப் பிடித்து, தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்று தெரிகிற மாதிரி ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். இன்னொன்று, மிகப் பழைய போர்டின் பின்பலகை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், சில பழைய ஃபியூஸ் கட்டைக்குள்ளும் அது உண்டு. சந்தேகம் வந்தால் துளை போடவோ சுரண்டவோ கூடாது.

கடைசியில்தான் போர்டு. மெயின் சுவிட்சை அணைத்தாலும் மீட்டரிலிருந்து அதுவரை வருகிற ஒயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அதை அணைப்பது மின்வாரியத்தின் வேலை, சீலை உடைத்துக்கொண்டு யாரும் வீரம் காட்ட வேண்டாம். பெட்டியைத் தேவையைவிட நாலைந்து இடம் அதிகமாக வாங்குங்கள், அடுத்த பத்து வருஷத்தில் எது வந்து சேரும் என்று தெரியாது, காலி இடத்துக்கு ஒரு மூடி போதும். ஸ்க்ரூக்களை இறுக்கும் விசையை (டார்க்) அளந்து காட்டும் ஸ்க்ரூ டிரைவரால் இறுக்கச் சொல்லுங்கள், எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது எம்சிபியிலோ அதோடு வரும் தாளிலோ அச்சிட்டிருக்கும். மொத்த வீட்டுக்கும் ஒரே ஆர்சிசிபி போடுவது மலிவு, ஆனால் குளியலறை ஹீட்டரில் ஈரம் ஏறினால் நள்ளிரவில் வீடே இருட்டாகும், அதோடு ஃபிரிட்ஜும் நிற்கும். குறைந்தபட்சம் இரண்டாகப் பிரியுங்கள், லைட்டும் ஃபிரிட்ஜும் ஒன்றில், தண்ணீர் படுகிற இடங்கள் இன்னொன்றில். பணம் இருந்தால் லைனுக்கு ஒரு ஆர்சிபிஓ, அது எம்சிபி, ஆர்சிசிபி இரண்டு வேலையையும் ஒன்றாகப் பார்க்கும், விழுந்தால் அந்த ஒரு லைன் மட்டும் விழும். எது எதற்கு என்று பெட்டியின் உள்மூடியில் பென்சிலால் எழுதாமல் அழியாத பேனாவால் எழுதச் சொல்லுங்கள். ஆர்சிசிபியில் இருக்கிற டெஸ்ட் பட்டனை, அதில் போட்டிருக்கிற இடைவெளியில் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அதை அன்றைக்கே மாற்றுங்கள், உள்ளே பொறி இறுகிப்போயிருக்கலாம்.